காட்பாடி வெயிலில் உப்புநீர்த் தொட்டி

வேலூர்ப் பக்கம் கடல் மீன் வளர்க்க உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன் என்றால் முதலில் வரும் கேள்வி, "கடல் தண்ணி எங்க புடிக்கிற?" என்பதுதான். எங்கேயும் பிடிப்பதில்லை. ஆர்.ஓ. தண்ணீரில் மரைன் சால்ட் கலக்கிறேன். எங்கள் வீட்டு போர் தண்ணீர் பக்கெட்டிலேயே வெள்ளையாகப் படிகிற ரகம். அதைத் தொட்டியில் விடவே மாட்டேன். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டினால்தான் உப்புப் பையையே பிரிப்பேன்.

மே மாதம்தான் பெரும்பாடு. வெளியே 40 டிகிரிக்கு மேல். நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் ஒன்று ஓடுகிறது. தண்ணீர் ஆவியாக ஆக, தொட்டி குளிரும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். 1.025இல் இருந்த அடர்த்தி மெல்ல ஏறும். இந்த இழப்புக்கு உப்புக் கலக்காத ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றினால் இன்னும் ஏறும். சம்ப்பில், அதாவது தொட்டித் தண்ணீர் வடிகட்டப்படும் துணைத் தொட்டியில், மார்க்கரால் கோடு போட்டிருக்கிறேன். காலையில் காபிக்கு முன்னால் கோடு வரை நிரப்பிவிடுவேன். "மீனுக்கு இருக்கிற மரியாத எனக்கு இல்ல" என்பார் அம்மா.

தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச்.சுக்குப் பலர் பதறுகிறார்கள். நான் பார்ப்பது ஆல்கலினிட்டியை, அதாவது பி.எச். சட்டென்று மாறாமல் தாங்கும் திறனை. அது 8, 9 டி.கே.எச். (அதன் அளவு) என்று நிலையாக நின்றால், பி.எச். விடியற்காலை கொஞ்சம் இறங்கி மாலையில் ஏறுவது இயல்புதான். இருட்டில் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சாது; அது தண்ணீரில் சேரச் சேர பி.எச். இறங்கும். ஏ.சி. போட்டு அறையை இறுக்கி மூடினால், நாம் விடும் மூச்சுக்காற்றும் உள்ளேயே தங்கி, இன்னும் இறங்கும். பி.எச்.சை ஏற்றும் பஃபர் பாட்டில் வாங்கும் முன் ஜன்னலைத் திறந்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.