தையல் மிஷின் இல்லாமல் ஜன்னல் திரை: ஒரு பருத்திச் சேலை போதும்

கையால் ஸ்கிரீன் தைக்க உட்காருபவர்கள் பாதியில் விட்டுவிடுவது பெரும்பாலும் பக்கவாட்டு மடிப்பில்தான். மீட்டர் கணக்கில் வாங்கும் துணியில் ஒரு ஓரத்துக்கு ஐந்து அடி, இரண்டு ஓரத்துக்கும் பத்து அடி. மேல் மடிப்பும் கீழ் மடிப்பும் தனி. சேலையில் அந்தப் பத்து அடி மிச்சம். நீளவாக்கில் தொங்கவிட்டால் இரண்டு கரைகளும் தாமாகவே திரையின் ஓரங்களாகிவிடும். ஒரு துண்டுக்கு எட்டு அடிக்கும் குறைவான தையலோடு வேலை முடியும்.

கொஞ்சம் கனமான பருத்தி வேண்டும். செட்டிநாட்டுச் சேலை இதற்கென்றே நெய்த மாதிரி இருக்கும். பட்டு வேண்டாம், வெயில் பட்டுப் பட்டு இற்றுவிடும். சிந்தெடிக் துணி கைக்கு வழுக்கும், தையலும் வெளியே பல்லிளிக்கும். பழைய சேலை என்றால் இரண்டு கட்டை விரலால் பிடித்து நான்கைந்து இடத்தில் இழுத்துப் பாருங்கள். நூல் அறுபடும் சத்தம் கேட்டால் அது கரித்துணிக்குத்தான்.

முதலில் ஃபால்ஸைப் பிரித்துவிடுங்கள். அது இருந்தால் ஒரு ஓரம் மட்டும் விறைப்பாக நிற்கும். பிறகு துவைத்து, கஞ்சி இருந்தால் முழுதும் போக அலசி, காயவைத்து அயர்ன் செய்யுங்கள். புதுச் சேலைக்கு இந்த வேலை கட்டாயம். தைத்த பிறகு சுருங்கினால் திரை ஜன்னல் கட்டைக்கு மேலே ஏறி நிற்கும், பார்க்கச் சகிக்காது.

கணக்குக்கு 4 அடிக்கு 4 அடி ஜன்னலை எடுத்துக்கொள்வோம். திரை மாட்டும் கம்பி ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் 6 இன்ச் தள்ளி, மொத்தம் 60 இன்ச். ஃபிரேமுக்கு 4 இன்ச் மேலே அடிக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் லிண்டல் (ஜன்னலுக்கு மேலே போகும் கான்கிரீட் உத்தரம்) இருக்கும், சாதாரண டிரில் ஏறாது, ஹேமர் டிரில் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். திரை ஜன்னலுக்குக் கீழே 6 இன்ச் இறங்கினால் 4 + 48 + 6, ஆக 58 இன்ச். மேல் மடிப்புக்கு 3, கீழ் மடிப்புக்கு 6 சேர்த்தால் 67. பிளவுஸ் பீஸ் போக 5.5 மீட்டர் சேலை என்பது ஏறக்குறைய 216 இன்ச். கொஞ்சம் சுருங்கி 210 ஆனாலும் 70 இன்ச்சில் மூன்று துண்டு வரும். மிச்சம் 3 இன்ச்சை வெட்டி எறியாமல் கீழ் மடிப்புக்குள் விட்டுவையுங்கள், பின்னால் இன்னும் சுருங்கினால் இறக்கிக்கொள்ளலாம்.

அகலத்தில்தான் பலர் கஞ்சத்தனம் பார்க்கிறார்கள். 46 இன்ச் சேலையில் இரண்டு துண்டு போட்டால் 92 இன்ச், கம்பியைப் போல ஒன்றரை மடங்கு. கனமான சேலைக்கு இது போதும். மெல்லிய சேலைக்கு இரண்டு மடங்காவது இருந்தால்தான் சுருக்கம் விழும், இல்லாவிட்டால் கொடியில் உலர்த்திய துணிதான். அப்போது மூன்றையும் ஒரே ஜன்னலில் போடுங்கள், முந்தானை வரும் துண்டு நடுவில்.

வெட்டும்போது ஸ்கேலை நம்பாதீர்கள். அளந்த இடத்தில் கரையில் சின்ன வெட்டுப் போட்டு, குறுக்கே ஓடும் ஓர் ஊடை நூலை மெதுவாக உருவுங்கள். நூல் போன தடம் கோடாகத் தெரியும், கத்தரி அதன் மேலேயே போகட்டும். இழை கோணினால் திரை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தொங்கும், அதை எந்த அயர்னும் சரிசெய்யாது. அச்சுச் சேலையில் கட்டம் இழையோடு ஒத்துப்போகாமல் இருந்தால் மட்டும் கட்டத்தைப் பார்த்து வெட்டுங்கள்.

மேல் மடிப்பு: அரை இன்ச் உள்ளே மடித்து அயர்ன் செய்து, அதற்கு மேல் இரண்டரை இன்ச் மடித்து மறுபடி அயர்ன். குண்டூசி குத்திக்கொள்ளுங்கள். 1 இன்ச் கம்பியின் சுற்றளவு மூன்றே சொச்சம், அதில் பாதி ஒன்றரை. நுழையவும் நகரவும் ஒரு இன்ச் கூடுதல், அதனால்தான் இரண்டரை. கடைத் திரைகளில் கம்பிக்கு மேலே சின்னதாக ஒரு ஃப்ரில் நிற்கும். கையால் தைக்கும்போது அது வேண்டாம். அது வைத்தால் இரண்டு வரிசை தைக்க வேண்டும், பாரம் முழுவதும் மேல் வரிசைத் தையலில் விழும். ஃப்ரில் இல்லாவிட்டால் கம்பி மடிப்பிலேயே உட்காரும், ஒரு வரிசை தைத்தால் முடிந்தது.

அந்த ஒரு வரிசை பேக் ஸ்டிச்சாக (ஊசியை ஒரு தையல் பின்னால் குத்தி, இரண்டு தையல் முன்னால் எடுப்பது) இருக்கட்டும், இன்ச்சுக்கு ஆறு தையல். வெறும் ஓட்டுத்தையல் போட்டால் ஓரிடத்தில் அறுந்தாலும் முழு வரிசையும் உருவிக்கொண்டு வரும். பாலியஸ்டர் நூல், ஒற்றை இழை, முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம். நூலை மெழுகுவத்தியில் ஒரு தரம் இழுத்துவிட்டால் சிக்காது. வரிசையின் இரண்டு முனையிலும் கரைப் பக்கத்தில் நான்கு தையல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள், திரையை இழுக்கும்போது முதலில் விடுவது அங்கேதான்.

கீழ் மடிப்பை உடனே தைக்காதீர்கள். கம்பியில் மாட்டி இரண்டு நாள் தொங்கட்டும், பருத்தி தன் பாரத்தில் கொஞ்சம் இறங்கும். பிறகு தரையிலிருந்து அளந்து குறித்து, 3 இன்ச் இரண்டு முறை (மிச்சம் 3 இன்ச்சை விட்டிருந்தால் மூன்று முறை) மடித்து அயர்ன் செய்யுங்கள். இங்கே ஹெம்மிங் போதும். அரை இன்ச் இடைவெளி, வெளிப்பக்கத்தில் ஒரே ஒரு இழையை மட்டும் ஊசி தொட வேண்டும், நூலை இறுக்கக் கூடாது. இறுக்கினால் அடிப்பக்கம் சுருங்கிக் கிடக்கும். பத்து இன்ச்சுக்கு ஒரு முடிச்சு போட்டுக்கொள்ளுங்கள்.

தையலே வேண்டாம் என்பவர்களுக்கு அயர்ன் செய்தால் ஒட்டும் ஹெம்மிங் டேப் இருக்கிறது. கீழ் மடிப்புக்கு மட்டும் பயன்படுத்துங்கள், பாரம் தாங்கும் மேல் மடிப்புக்கு வேண்டாம். ஈரத்துணி போட்டு, அயர்ன் பாக்ஸைத் தேய்க்காமல் பத்து விநாடி அழுத்தி எடுங்கள், ஆறும்வரை தொடாதீர்கள். கஞ்சி மிச்சமிருந்தால் ஒட்டாது.

ராத்திரி விளக்கு போட்டால் மெல்லிய சேலை வழியாக வீடு தெருவுக்குத் தெரியும். உள்பக்கம் ஒரு நாலு முழ வேட்டியைச் சேர்த்து மேல் மடிப்போடு மட்டும் தைத்துவிடுங்கள். கீழே இரண்டையும் சேர்த்துத் தைத்தால், துவைத்ததும் ஒன்று கூடுதலாகச் சுருங்கி மற்றது பைபோலத் தொங்கும்.

மாட்டும்போது கம்பியின் வெட்டு முனை துணியில் சிக்கி நூலை இழுக்கும். முனையில் ஒரு கேரி பேக்கைச் சுற்றிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும்.