யாருக்கும் சொல்லத் தேவையில்லை

"யாருக்கும் சொல்லத் தேவையில்லை, அம்மா."

நான் சொன்னது இவ்வளவுதான். 2019 ஆம் ஆண்டு, கிளிநொச்சியில், எங்கள் நிறுவன அலுவலகப் பின்விறாந்தையில் இருந்து ஒரு சான்றிதழுக்கான படிவம் நிரப்பிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னேன். சில நாட்களில் அந்தத் தலை நிமிராமைதான் உறுத்துகிறது. வேறு சில நாட்களில், சொன்னதில் என்ன பிழை என்று எனக்கு நானே வழக்காடுகிறேன்.

கணவரைத் தேடிக்கொண்டிருந்த அந்த அம்மா கேட்டது இது: "இதை எடுத்தால் நான் இனிப் பந்தலுக்குப் போகலாமா, பிள்ளை?"

பந்தலை எங்கள் பக்கத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கந்தசுவாமி கோவிலடியில், காணாமல் ஆக்கப்பட்டவர்கள் எங்கே என்று கேட்டு அந்தத் தாய்மார் பந்தல் போட்டுப் போராட்டம் இருக்கத் தொடங்கியபோது, ஒரு மாதத்தில் எழும்பிவிடுவார்கள் என்று எங்கள் அலுவலகத்தில் பேசிக்கொண்டோம். நானும் பேசினேன். அதற்கு முந்திய வருடம், போருக்குப் பிந்திய நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி அரசு நடத்திய மக்கள் கலந்தாய்வில் குறிப்பெடுத்தவர்களில் நானும் ஒருத்தி. கொப்பி கொப்பியாக எழுதினோம். அறிக்கையை 2017 ஜனவரி 3 அன்று கையளித்தார்கள். பெற்றுக்கொள்ள ஜனாதிபதியும் வரவில்லை, பிரதமரும் வரவில்லை. ஏறக்குறைய ஏழு கிழமையில் பந்தல். அதைப் பார்த்த பிறகும் ஒரு மாதம் என்று கணக்குப் போட்டவள் நான். என் கணக்குகளின் தரம் அது.

அம்மா எடுக்க வந்தது 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் வந்த சான்றிதழ். ஆள் இல்லை என்று சொல்லும்; இறந்துவிட்டார் என்று சொல்லாது. அதற்கு முன்பு 2010 ஆம் ஆண்டுச் சட்டம்தான் இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் காணாதவரை இறந்தவராகப் பதியலாம் என்று அது வழிவிட்டது. புருசன் செத்துவிட்டார் என்று கையெழுத்துப் போட்டால் காரியம் நடக்கும், போடாவிட்டால் நடக்காது என்ற நிலையில் ஆறு வருடம் இழுபட்ட பெண்களுக்குப் புதிய சான்றிதழ் சின்ன விசயமில்லை. நான் இதை மனதார நம்பினேன். இன்னமும் நம்புகிறேன், பெரும்பாலும்.

ஆனால் 2019 வரவுசெலவுத் திட்டத்தில், இந்தச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். சான்றிதழில் காசின் வாடை ஏறிவிட்டது. பந்தலில் இருந்தவர்கள், ஆட்கள் எங்கே என்று சொல்லுங்கள், காசும் வேண்டாம், அரசு அமைத்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் வேண்டாம் என்று நின்றார்கள். அவர்கள் நின்றது சரி. ஆனால் வங்கி முகாமையாளருக்குப் பந்தலின் முடிவு தெரியாது. அம்மாவின் கணவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு பத்து வருடமாகத் திறபடாமல் கிடந்தது. மூத்த மகளுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள்.

அவர் ஒரு சொப்பிங் பையை மடியில் வைத்திருந்தார். அதற்குள் இன்னொரு பை, அதற்குள் கடதாசிகள்: பொலிஸ் முறைப்பாடு, செஞ்சிலுவைச் சங்கத்தின் துண்டு, ஆணைக்குழுக்களின் கடிதங்கள், லேமினேட் செய்த ஒரு படம். கலியாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்த முகம். தோளருகே ஒரு சேலைக் கரை விரலகலத்துக்குத் தெரிந்தது. அது அம்மாவின் கூறைச் சேலை. படத்தில் அவர் இருந்தது அவ்வளவுதான்.

படிவத்தில் 'காணாமற்போன திகதி' என்று இருந்தது. வாசித்தேன். "காணாமல் போகவில்லை, பிள்ளை. வட்டுவாகலில் ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்" என்றார். அவர்கள் எல்லோரும் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு வினைக்காகவே எத்தனையோ கூட்டங்களில் எழும்பி நின்றவர்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. போர் முடிந்த நாள், 2009 மே 18 என்று எழுதினேன்.

அதன் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

என்ன சொல்லியிருக்க வேண்டும்? "பந்தலில் சொல்லிவிட்டே எடுங்கள், நானும் கூட வருகிறேன்" என்று சொல்லியிருக்கலாம். இந்த வசனத்தை மோட்டார் சைக்கிளில் போகும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சம்பளம் வாங்கும் நிறுவனத்துக்காரி பந்தலுக்குப் போய் எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்று கதைத்தால் யார் கேட்பார்கள்? எதிர்க்கடையடியில் நின்று படம் பிடிக்கும் புலனாய்வுக்காரர்களின் கைபேசியில் நானும் விழுவேன் என்ற பயமும் இருந்தது. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

அந்த வருட அறிக்கையில் 'பெண்கள், சமாதானம், பாதுகாப்பு' என்ற தலைப்பின் கீழ் ஒரு வெற்றிக் கதை கேட்டார்கள். அம்மாவின் கதையை எழுதினேன். பெயரையும் ஊரையும் மாற்றினேன். படம் வேண்டும் என்றபோது மறுத்தேன். அதைப் பெரிய தியாகம்போல் இரண்டு கிழமை சொல்லித் திரிந்தேன். யாருக்கும் சொல்லத் தேவையில்லை என்றவளே ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொழும்புக்கு அனுப்பினேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

2020 ஜனவரியில், காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஜனாதிபதி கோட்டாபய ஐக்கிய நாடுகள் சபையின் வதிவிட இணைப்பாளரிடம் சொன்ன செய்தி வந்தது. விசாரித்தபின் மரணச் சான்றிதழ் கொடுப்போம் என்றும் இருந்தது. அடுத்த கிழமை அம்மா அதே பையோடு வந்தார்.

"இதை எங்கே திருப்பிக் கொடுக்க வேண்டும்?"

"அம்மா, இது மரணச் சான்றிதழ் இல்லை."

"அது எனக்குத் தெரியும், பிள்ளை. அவர்களுக்குத் தெரியுமா?"

தேத்தண்ணீர் போடவா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது. குடித்துவிட்டு, கடதாசியைப் பைக்குள் பை வைத்துச் சுற்றிக்கொண்டு போனார்.

பந்தலுக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. முன்பு முன்வரிசையில் படத்தை நெஞ்சோடு பிடித்திருப்பவர், இப்போது பின்னால், தூணோடு இருக்கிறார். நான்தான் பின்னுக்குத் தள்ளினேன் என்று பலநாள் நித்திரை இல்லை. இது என் கற்பனையாகவும் இருக்கலாம். அவருக்கு முழங்கால் வருத்தம், சாய்ந்திருக்கத் தூண் வேண்டும்.

எங்கள் பட்டறைகளில் சமாதானம் என்றால் சிங்களப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் ஒரு மேசையில் இருந்து மாலு பணிஸ் சாப்பிடுவது. அதை நான் இளக்காரம் செய்யவில்லை. தெற்கில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் எங்கள் தாயும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே அழுததைக் கண்டிருக்கிறேன். ஆனால் ஒரு பந்தலுக்குள் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் இருப்பதற்கு நாங்கள் ஒரு பட்டறையும் வைத்ததில்லை. வைத்தாலும் அதை நடத்தும் தகுதி எனக்கு இல்லை.

ஏனென்றால் அதற்குப் பிறகு அதே பந்தலிலிருந்து இன்னொருவர் வந்தார். சில மாதம் கழித்து மற்றொருவர். இருவரும் மத்தியான வேளையில், பின்வாசலால். இருவரும் முதலில் கேட்டது, மற்றவர்களுக்குத் தெரியவராதுதானே என்று. வராது என்றேன். படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன்.

போன கிழமை அந்தப் பக்கத்தால் போனேன். மூவரும் ஒரே பாயில் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் மற்ற இருவருக்கும் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.