லேப்டாப்பையும் எடுத்துட்டு வந்துடுக்கா

"அக்கா, அம்மாவைத் தனியா அனுப்பாதே, நீயும் வா. லேப்டாப்பையும் எடுத்துட்டு வந்துடு, இங்கே உட்கார்ந்தே வேலை பார்த்துக்கலாம்." ஷார்ஜாவிலிருந்து தங்கச்சி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இது. அவளுக்கு அப்போது ஒன்பதாம் மாதம். அம்மாவுக்குத் தமிழும் மலையாளமும் விட்டால் வேறு பாஷை தெரியாது, விமானத்தில் ஏறியதும் இல்லை. எனக்கு மிச்சம் இருந்தது பதினோரு நாள் லீவு. ஒரு மாதமாவது கூட இருந்தால்தான் பிள்ளை பெற்றவளுக்கு உதவி. சரி, முதல் வாரம் லீவு போட்டுவிட்டு மற்ற நாள் அங்கிருந்தே வேலை பார்ப்போம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவால் எனக்கும் என்னோடு வேலை பார்த்தவர்களுக்கும் என்ன ஆனது என்பதை எழுதத்தான் இந்தப் பதிவு. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் வளைகுடாவில் இருக்கிறார்கள், இதே யோசனை இன்னும் பல பேருக்கு வரும்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கேரளாதான், ஆனால் வீட்டிலும் கடையிலும் கோயிலிலும் தமிழ்தான் பேச்சு. வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு. காலையில் பஸ் ஏறிக் கோயம்புத்தூரில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்புகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள், நானும் அப்படிப் போனவள்தான். 2020-ல் கொரோனா வந்து, எல்லையில் தடுப்பு வைத்து, பாஸ் கேட்ட அந்த மாதங்களைத் தவிர, எல்லை என்று ஒன்று இருப்பதையே நாங்கள் நினைத்துப் பார்த்ததில்லை. அப்போதுதான் கம்பெனி லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னது. அன்றிலிருந்து கேரளாவில் உட்கார்ந்து தமிழ்நாட்டுக் கம்பெனிக்கு வேலை, வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் ஆபீஸ். எந்த மாநிலத்திலிருந்து வேலை பார்க்கிறாய் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. அதனால் ஷார்ஜாவும் இன்னொரு வேலந்தாவளம் மாதிரிதான் மனதில் பட்டது.

டீம் லீடிடம் சொன்னேன், சொல்லாமல் போகவில்லை. "சார், தங்கச்சிக்குப் பிரசவம், ஒரு மாசம் வீட்டிலிருந்தே பார்த்துக்கறேன்" என்றேன். "சரிம்மா, பார்த்துக்கோங்க" என்றார். அவர் வீடு என்று நினைத்தது கொழிஞ்சாம்பாறையை. நான் நினைத்தது ஷார்ஜாவில் தங்கச்சி இருக்கும் ஃபிளாட்டை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஆனால் எழுத்தில் ஒரு வரி இருந்திருந்தால் அன்றைக்கே அவர் "இரு இரு, எந்த வீடு?" என்று கேட்டிருப்பார்.

குழந்தை பிறந்து ஒன்பதாவது நாள் லேப்டாப்பைத் திறந்தேன். அங்கே காலை எட்டு மணி, நம் ஊரில் ஒன்பதரை. சாப்பாட்டு மேசையின் ஒரு ஓரத்தில் நான், மறு ஓரத்தில் அம்மா பத்தியக் குழம்புக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பாஸ்வேர்ட் போட்டேன், ஓடிபி வந்தது, உள்ளே போய்விட்டேன். நாற்பது நிமிஷம் வேலையும் நடந்தது. அப்புறம் திரை ஒரு முறை வெளுத்து, கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, பாதுகாப்புப் பிரிவைத் தொடர்புகொள்ளவும் என்று சிவப்பு எழுத்து வந்தது. போனில் டீம் லீடின் வாட்ஸாப் கால் வந்து வந்து அறுந்தது, அமீரகத்தில் வாட்ஸாப் கால் எடுக்காது என்று அவருக்குத் தெரியாது, அங்கேதான் இருக்கிறேன் என்றும் தெரியாது. கடைசியில் ரோமிங்கில் பாதுகாப்புப் பிரிவு ஆள் ஒருத்தர் பிடித்தார். அவர் கேட்ட முதல் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "மேடம், உங்க லேப்டாப் இப்ப எந்த நாட்டில இருக்கு?"

நான் எங்கே இருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி எனக்குப் புரிந்ததற்குக் காரணம் அப்பா. அவர் லாரி ஓட்டியவர். 2017 ஜூலை 1-ம் தேதி ஜிஎஸ்டி வந்து வரிச் சோதனைச் சாவடிகளை எடுப்பதற்கு முன்னால், வாளையார் எல்லையில் மணிக்கணக்கில், சில நாள் ராத்திரி முழுக்க, லாரி வரிசையில் நிற்பார். டிரைவரும் கிளீனரும் இறங்கி அந்தப் பக்கம் போய் டீ குடித்துவிட்டு வரலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். லோடு மட்டும் பில் இல்லாமல் நகராது. நான் ஷார்ஜா போனதில் ஒரு தப்பும் இல்லை, எனக்கு விசா இருந்தது. லோடுக்குத்தான் என்னிடம் பேப்பர் இல்லை. என் லேப்டாப் வழியாகத் தெரிவது பிரிட்டனில் இருக்கிற ஒரு வாடிக்கையாளரின் ஆட்களுடைய விவரம்: பேர், விலாசம், இன்சூரன்ஸ் கிளெய்ம். இந்தியாவுக்குள் இருந்து மட்டுமே அதைத் திறப்போம் என்று எங்கள் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. நாற்பது நிமிஷத்துக்கு அந்த வாக்கை நான் மீறிவிட்டேன், எனக்குத் தெரியாமலே. கம்பெனி அதை வாடிக்கையாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

பதினேழு நாள் சம்பளம் போனது, விளக்கக் கடிதம் எழுதினேன், அது என் கோப்பில் இருக்கிறது. அதைவிட மனதை அறுத்தது வேறு. மாதக் கடைசி வேலையை என் பங்கும் சேர்த்து ஒரு தம்பி ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து முடித்தான், டீம் லீடிடமும் விளக்கம் கேட்டார்கள். அவர்கள் இரண்டு பேரிடமும் நேரில் மன்னிப்புக் கேட்டேன்.

திரும்பி வந்த பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன், ஆடிட்டர் ஒருவரிடமும் கேட்டேன். எப்போது அனுமதி வேண்டும் என்று கேட்டால், என் பதில் எளிது: வேறு நாட்டில் இருந்துகொண்டு சம்பளத்துக்கான வேலையைத் தொடுவதாக இருந்தால், ஒரு நாளானாலும் வேண்டும். "183 நாளுக்குள் இருந்தால் ஒன்றும் இல்லை" என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது வரிக் கணக்கில் வரும் ஒரு பகுதி மட்டும்தான். ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடும் வரி கேட்காமல் இருக்க நாடுகள் போட்டுக்கொள்ளும் இரட்டை வரி ஒப்பந்தங்களில் பொதுவாக இருக்கும் விதி என்னவென்றால், போன நாட்டில் 183 நாளுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது, சம்பளம் கொடுக்கிறவர் அந்த நாட்டுக் கம்பெனியாக இருக்கக் கூடாது, அங்கே இருக்கும் கம்பெனியின் கிளை அந்தச் சம்பளச் செலவை ஏற்கவும் கூடாது. மூன்றும் சேர்ந்தால்தான் அந்த நாடு சம்பளத்துக்கு வரி கேட்காது. இதற்கும் விசாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டூரிஸ்ட் விசாவில் வேலை செய்யலாமா என்பதை அந்தந்த நாட்டுக் குடியேற்றச் சட்டம்தான் சொல்லும், அது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டன் 2024 ஜனவரி 31 முதல், பார்க்க வந்தவர் தன் ஊர்க் கம்பெனி வேலையை இடையில் பார்த்துக்கொள்ளலாம், வந்த நோக்கமே அதுவாக இருக்கக் கூடாது என்று விதியில் எழுதிவிட்டது. நியூசிலாந்து 2025 ஜனவரி 27 முதல் அதே மாதிரி திறந்துவிட்டது. அமீரகத்தில் விசிட் விசாவில் வேலை செய்யக் கூடாது. வெளிநாட்டுக் கம்பெனிக்கு அங்கிருந்து வேலை பார்க்க விரும்புகிறவர்களுக்கு என்றே தனி விசா வைத்திருக்கிறார்கள், ஒரு வருஷத்துக்கு, மாதம் 3,500 டாலர் சம்பளம் காட்ட வேண்டும். என் சம்பளம் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

இன்னொன்று, கம்பெனிக்காரர்கள் உண்மையாகவே பயப்படுவது. ஒரு ஆள் வேறு நாட்டில் ஒரே இடத்தில் ரொம்ப நாள் உட்கார்ந்து கம்பெனி வேலை பார்த்தால், அதுவே அந்தக் கம்பெனியின் நிலையான அலுவலகம் என்று அந்த நாட்டு வரித்துறை சொல்ல இடம் இருக்கிறது. அப்படிச் சொல்லிவிட்டால் கம்பெனியின் லாபத்தில் ஒரு பங்குக்கு அங்கே வரி கட்ட வேண்டிவரும். கம்பெனி சார்பில் பேரம் பேசி ஒப்பந்தம் முடிக்கிற விற்பனைப் பிரிவு ஆட்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் சீக்கிரம் வரும். அதனால்தான் பல இடங்களில் டெஸ்டிங் வேலைக்காரருக்குக் கிடைக்கிற அனுமதி சேல்ஸ்காரருக்குக் கிடைப்பதில்லை. இது பாரபட்சம் என்று எங்கள் ஆபீசில் ஒருத்தர் சண்டையே போட்டார், காரணத்தை யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் போட்டிருக்க மாட்டார்.

பிஎஃப் விஷயம் சுருக்கமாக: ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, ஜப்பான் மாதிரி சில நாடுகளோடு இந்தியாவுக்குச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கிறது, கம்பெனி அனுப்பிப் போகிறவர்கள் பிஎஃப் அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டால் இங்கே மட்டும் பிடித்தம் கட்டினால் போதும், அங்கேயும் கட்ட வேண்டாம். கம்பெனிக்கே தெரியாமல் போனால் அந்தச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்?

எதிர்ப் பக்கமும் இருக்கிறது. பெரியப்பா பையன் துபாய்க் கம்பெனியில் வேலை. பெரியப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது லேப்டாப்போடு வந்தவன், இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு மாதம் என்று தள்ளி ஐந்து மாதம் கொழிஞ்சாம்பாறையிலேயே இருந்துவிட்டான். மேனேஜர் வாயால் சரி என்றதோடு சரி. அங்கே வருமான வரி இல்லை, அதனால் தனக்கும் இல்லை என்று நினைத்திருந்தான். இங்கே உட்கார்ந்து செய்த வேலைக்கான சம்பளம் இந்தியாவில் ஈட்டியதாகத்தான் நம் வருமான வரிச் சட்டம் பார்க்கிறது. ஒப்பந்த விலக்கு வேண்டுமென்றால் அந்த மூன்று நிபந்தனையும் பொருந்த வேண்டும், தான் அமீரகவாசி என்பதற்கு அங்கிருந்து சான்றிதழும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்து போகிற இந்தியர் ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்துவிட்டால் இங்கே குடியிருப்பவர் ஆகிவிடுவார். இந்திய வருமானம் 15 லட்சத்துக்கு மேல் இருப்பவருக்கு 120 நாளிலேயே அந்தக் கணக்கு தொடங்கிவிடும். இது போதாதென்று சாதாரண அமீரக ரெசிடென்ஸ் விசா, ஆறு மாதம் தொடர்ந்து வெளியே இருந்தால் செல்லாமல் போகும். அவன் அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது டிக்கெட் எடுத்தான். பெரியம்மா அன்றைக்கு அழுத அழுகை எனக்கு மறக்காது.

கம்பெனிகளிடமும் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். வேலையில் சேரும் நாள் நாற்பது பக்கத்தில் கையெழுத்து வாங்குகிறீர்கள், "நாட்டை விட்டுப் போகும்போது லேப்டாப்பைக் கொண்டு போகாதே, கொண்டு போக வேண்டுமென்றால் இவரிடம் கேள்" என்று ஒரு வரியை வாயால் சொல்ல ஐந்து நிமிஷம் ஆகாது. இங்கே வேலைக்கு வருகிறவர்களில் எத்தனையோ பேருக்கு அக்காவோ அண்ணனோ தங்கச்சியோ வெளிநாட்டில்தான். பிரசவம், ஆபரேஷன், சாவு என்று வந்தால் அவர்கள் போய்த்தான் ஆக வேண்டும். முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள், ஆனால் விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு பிரயாணத்துக்கு முதல் நாள் வரை பதில் சொல்லாமல் இருக்காதீர்கள். பதில் வராதவர்தான் திருட்டுத்தனமாக, இருக்கிற நாட்டை மறைத்துக் காட்டும் விபிஎன் போட்டுப் பார்க்கிறார். அதை மட்டும் செய்யாதீர்கள். மாட்டிக்கொண்டால் தெரியாமல் செய்தேன் என்று சொல்கிற வழியும் அடைந்துவிடும். எனக்கு வேலை மிஞ்சியதே, நான் எதையும் மறைக்கவில்லை என்பது கம்பெனியின் கணினிப் பதிவுகளில் தெரிந்ததால்தான்.

கேட்கும்போது எல்லாவற்றையும் எழுதிக் கேளுங்கள். எந்த நாடு, எந்த ஊர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன விசா, அங்கே யார் வீட்டில் தங்குவீர்கள், எந்தெந்த வேலையைச் செய்வீர்கள், எதைத் தொட மாட்டீர்கள். பதிலும் மெயிலில் வரட்டும். மேனேஜர் சரி என்பது மட்டும் போதாது, எச்ஆர், பாதுகாப்புப் பிரிவு இரண்டு பேரும் அந்த மெயிலில் இருக்க வேண்டும்.

இந்த வருஷம் தங்கச்சி பையனுக்கு முதல் பிறந்தநாள். ஆறு வாரம் முன்னாலேயே எழுதிக் கேட்டேன். மூன்றாவது வாரம் பதில் வந்தது: வாடிக்கையாளர் தகவல் இருப்பதால் அனுமதி இல்லை, சேர்த்து வைத்த லீவில் போய் வரலாம். வருத்தம்தான், ஆனால் அந்தப் பதிலில் காரணம் எழுதியிருந்தது, கேட்டதற்கு மரியாதை இருந்தது. பத்து நாள் லீவு எடுத்தேன். கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை லேப்டாப்பை ஆபீஸ் ஐடி கவுண்டரில் ஒப்படைத்து ரசீது வாங்கிப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டேன். பையில் அது காலி செய்த இடத்தில் அம்மா இரண்டு கிலோ நேந்திரங்காய் சிப்ஸை அடுக்கினார்.