அரை நூல்

நாலு தடவை வீல் அலைன்மெண்ட் பார்த்தேன், நாலு தடவையும் காசு கொடுத்தேன். விரகனூர் ரிங் ரோட்டில் வேகம் அறுபதைத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் நடுங்குவது மட்டும் நிற்கவே இல்லை. புது டயரும் ஒரு வருஷத்துக்குள் வெளி ஓரம் மொட்டையாகிவிட்டது.

வண்டி, அப்பா வைத்திருந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1967 மாடல். இங்கிலாந்தில் 1959இல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் இது. இத்தாலிக்காரரான மிக்கலாட்டி வடிவமைத்தது. 1961 முதல் நம் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்து விற்றது. 948 சிசி இன்ஜின். பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். திரும்பும் வட்டம் வெறும் 25 அடி. வடக்கு மாசி வீதியில் மற்ற கார்கள் முன்னே பின்னே போய்க்கொண்டிருக்கும்போது இது ஒரே வீச்சில் திரும்பிவிடும். அப்பாவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. அந்தத் திரும்பல்தான் இந்த வண்டியின் முன்பக்கத்துக்கு வைத்த வினையும் என்று பின்னால் தெரிந்தது.

அலைன்மெண்ட் கடையில் இருந்த பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கம்ப்யூட்டரில் ஹெரால்டு என்ற பெயரே கிடையாது. ஏதோ ஒரு சின்னக் காரைத் தேர்ந்தெடுத்து, சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராடு என்ற கம்பியை மட்டும் திருகி, பச்சைக் கட்டம் வந்ததும் அச்சடித்துக் கொடுத்தான். நானும் அந்தத் தாளை மடித்துப் பத்திரமாக வைத்திருந்தேன்.

நெல்பேட்டைப் பக்கம் பழைய வண்டிகள் பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். அவரிடம் அந்தத் தாள்களை நீட்டினேன். அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, இடது சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினார். டொக் என்றது. என்னை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். அப்போதும் டொக். பிரேக்கை மிதித்தால் டிரம்மும் பின்தட்டும் ஒன்றாக இறுகிவிடும், பேரிங் ஆட்டம் தெரியாது. அதற்குப் பிறகும் ஆடுகிறது என்றால் கோளாறு அதற்கு உள்ளே இருக்கிறது.

"சார், அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுற சக்கரத்த நிப்பாட்டி அளந்தா, அந்த நேரத்துல அது எங்கன நின்னுச்சோ அதத்தான் மிசின் சொல்லும். வண்டி நகந்துச்சுன்னா அந்தக் கணக்கு போச்சு."

கழற்ற ஆரம்பித்தோம். ஹெரால்டு முன்பக்கத்தில் மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் நிமிர்ந்து நிற்கும் எஃகுத் துண்டு. அதற்கு வெர்டிகல் லிங்க் என்று பெயர். அதன் மேல்முனையில் பால் ஜாயிண்ட். கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது வெண்கலத்தில் செய்த ட்ரன்னியன் என்ற பாகத்துக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்த மரைதான் உள்ளே வெளியே சுழல்கிறது. மற்ற வண்டிகளைவிட ரொம்பத் திரும்பும் வண்டி என்பதால் இந்த மரைக்கு உழைப்பும் அதிகம். முன்பக்கத்தின் பாரமும் இதன் வழியாகத்தான் போகிறது.

இதற்கு ஊற்ற வேண்டியது எண்ணெய். தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில். கிரீஸ் கன்னில் எண்ணெயை நிரப்பி, மேலே கசியும்வரை அடிக்க வேண்டும். கிரீஸ் அடித்தால் அது மரையின் இடுக்குகளுக்குள் இறங்காமல் கட்டியாகி நிற்கும். மழைத் தண்ணீர் உள்ளே தங்கும். எஃகு துருப்பிடித்து அரிக்கும். ஒரு நாள் மெதுவாகத் திரும்பும்போது லிங்க் ஒடிந்து சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிவிடும். ஹெரால்டுக்கு உலகம் முழுக்க உள்ள கெட்ட பெயர் இது. நம் வண்டியில் கிரீஸ் நிப்பிளைப் பார்த்தவர்கள் எல்லாரும் கிரீஸ்தான் அடித்திருக்கிறார்கள். அதில் கடைசிப் பத்து வருஷம் அடித்தது நான்.

லிங்க்கை மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்தார் பாய். காலையில் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பொடித்து மேலே பூசி வெயிலில் வைத்தார். வலது லிங்க் வெள்ளையாகவே இருந்தது. இடது லிங்க்கில் மரை ஆரம்பிக்கும் இடத்தில் மயிரிழை போல ஒரு ஈரக்கோடு எழும்பி வந்தது. விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் வெளியே கசிந்து சுண்ணாம்பில் ஊறிக் காட்டிக்கொடுக்கிற வித்தை. இந்த வண்டியில்தான் இரண்டு வாரம் முன்பு குடும்பத்தோடு திருப்பரங்குன்றம் போய் வந்திருந்தேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை, படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

சாமான் வாங்குவது தனிக்கதை. இதே முன்பக்க அமைப்புதான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கும் என்பதால் பிரிட்டனில் இன்றைக்கும் எல்லாம் புதிதாகக் கிடைக்கிறது. லிங்க், ட்ரன்னியன், கைகளின் மூட்டில் ரப்பருக்குப் பதிலாகப் போடும் கெட்டியான பாலியூரித்தேன் வளையமான புஷ், இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு வைத்த ஷாக் அப்சார்பர் எல்லாவற்றுக்கும் பணம் கட்டினேன். சுங்க வரியோடு சேர்த்து என்ன ஆனது என்று கேட்காதீர்கள். பெட்டி வந்த அன்று ஆசையாக உட்கார்ந்து வலது பக்கத்தை மாட்டினேன், வழுக்கிக்கொண்டு ஏறியது. இடது பக்கம் ஒரு சுற்றுகூட ஏறவில்லை. வலப்பக்க மரை வழக்கம்போல வலஞ்சுழி, இடப்பக்க மரை இடஞ்சுழி. நான் ஒரே எண்ணில் இரண்டு ட்ரன்னியன் ஆர்டர் போட்டிருக்கிறேன். கடைக்காரர் தப்பு ஒன்றும் இல்லை. மறுபடி பணம், மறுபடி வரி, இன்னொரு மூன்று வாரம்.

அந்த மூன்று வாரத்தில் அக்கா மகன் வந்து, "மாமா, இதோட ஸ்பிரிங்கையும் மாத்தி ஒரு இஞ்ச் எறக்கிருவோம், கெத்தா இருக்கும்" என்றான். நம் தெருவில் ஆளாளுக்குப் போட்டு வைத்திருக்கும் வேகத்தடைகளை அவன் ஹெரால்டின் சைலன்சரில் இருந்து பார்த்ததில்லை. ஸ்பிரிங் பழையதே இருக்கட்டும் என்றேன். இரண்டும் ஒரே உயரம் நின்றன, தொய்வு இல்லை. நல்லதைக் கழற்றிப்போட எனக்கு மனசு வராது.

ஸ்பிரிங்கைப் பிரிப்பதுதான் பயமான வேலை. ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரே கூடாக வண்டியிலிருந்து வந்துவிடும். ஆனால் உச்சி நட்டைக் கழற்றினால் அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் பீரங்கி மாதிரி வெடித்துக் கிளம்பும். பாய் இரண்டு கனத்த தகடுகளும் மூன்று மரைக்கம்பிகளும் வைத்துத் தானே செய்த ஒரு சாதனத்தால் ஸ்பிரிங்கை அமுக்கினார். ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு இரண்டு சுற்று, மாறி மாறி. "சார், நேரா நிக்காதீங்க, ஓரமா வாங்க" என்று நாலு தடவை சொன்னார்.

புஷ் விஷயத்தில் எனக்கும் பாய்க்கும் சின்ன வாக்குவாதம். எல்லா இடத்திலும் பாலியூரித்தேன் போட வேண்டும் என்பது என் கட்சி. மேல் கைகளில் ரப்பரே போதும், எல்லாம் இறுகினால் ரோட்டில் உள்ள ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும் என்பது அவர் கட்சி. கீழே மட்டும் பாலி, மேலே ரப்பர் என்று முடிந்தது. ரப்பர் புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது முறுக்கக் கூடாது. அப்படி முறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் எப்போதும் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும். தரையில் இறக்கி, பாரம் ஏற்றி, அப்புறம்தான் கடைசி முறுக்கு. ட்ரன்னியனை அடிவரை திருகிவிட்டு ஒரு சுற்று பின்னால் எடுத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி எங்கும் முட்டவில்லை என்று பார்த்தோம். பேரிங் கிரீஸ், டை ராடு எண்டு எல்லாம் வழக்கமான வேலைதான்.

இனி அலைன்மெண்ட். முதலில் வீட்டிலேயே பார்ப்போம் என்று எல்லிஸ் நகர் வீட்டு போர்டிகோவுக்கு வண்டியைக் கொண்டுவந்தேன். மழைத் தண்ணீர் ஓட அங்கே தரை சரிவாகப் போட்டது. கொத்தனாரிடம் ட்யூப் லெவல் வாங்கிப் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரங்களுக்கு அடியில் டைல்ஸ் துண்டுகள் வைத்து மட்டமாக்கினேன். முன்சக்கரங்களுக்கு அடியில் இரண்டு டைல்ஸுக்கு நடுவே கிரீஸ் தடவி வைத்தேன். டயர் தரையைப் பிடித்துக்கொள்ளாமல் தன் இடத்துக்கு நழுவி உட்காரும். ஆள் உட்கார்ந்த பாரத்தில்தான் அளக்க வேண்டும் என்பதால் முன்சீட் ஒவ்வொன்றிலும் 25 கிலோ அரிசி மூட்டை மூன்று. "அரிசிக்கு முன்சீட்டா" என்றாள் மனைவி.

சக்கரம் மேலே எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைத் தூக்குக்குண்டு வைத்து அளந்தேன். ரிம்மின் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் 35 சென்டிமீட்டர் என்றால், ஒரு டிகிரி சாய்வுக்கு நூலிலிருந்து ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். எங்களுக்கு இடப்பக்கம் பன்னிரண்டு, வலப்பக்கம் எட்டு. இரண்டுமே வெளிப்பக்கம் சாய்வு. அந்தக் காலத்து டயர்களுக்கு அது சரி. இப்போது போட்டிருக்கும் ரேடியலுக்கு வெளி ஓரம்தான் தேயும். கீழ்க்கையின் அடிப்பிடிமானத்துக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஷிம் தகடு வைத்தால் சக்கரத்தின் அடி வெளியே நகர்ந்து சாய்வு குறையும். இடப்பக்கம் முன்பிடிக்கும் பின்பிடிக்கும் சம அளவில் சேர்த்தோம். வலப்பக்கம் கொஞ்சம் குறைவாக. தகடு வைப்பது, இறக்குவது, முன்னே பின்னே உருட்டுவது, அளப்பது என்று ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. இரண்டு பக்கமும் ஆறுக்கு வந்து நின்றது.

அப்புறம் டோ, அதாவது சக்கரங்கள் முன்பக்கம் எவ்வளவு உள்நோக்கித் திரும்பி நிற்கின்றன என்ற அளவு. பக்கவாட்டில் அச்சு உயரத்தில், வண்டிக்கு இணையாகக் கொத்தனார் நூலை இழுத்துக் கட்டி, நூலிலிருந்து ரிம்மின் முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் உள்ள தூரத்தை அளந்தோம். இரண்டு சக்கரமும் சேர்ந்து முன்பக்கம் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 1.6 மில்லிமீட்டர் உள்நோக்கி இருக்க வேண்டும். பாய்க்கு மில்லிமீட்டர் பிடிக்காது. "அரை நூல்" என்றார். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல் என்ற தச்சர் கணக்கு. அப்படியென்றால் ஒரு சக்கரத்துக்குக் கால் நூல். இரண்டு டை ராடையும் சமமாகத் திருக வேண்டும்; ஒன்றை மட்டும் திருகினால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். என் நாலு அச்சடித்த தாள்களின் காலத்தில் ஸ்டியரிங் ஏன் கோணலாக நின்றது என்பதும் அன்றுதான் விளங்கியது.

அடுத்த நாள் வேறொரு கடையில், எண்களை நாமே கொடுக்க விடுகிற மெஷினில் சரிபார்த்தேன். டோ நாங்கள் வைத்ததே. கேஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு, இடப்பக்கம் 4.1 டிகிரி, வலப்பக்கம் 3.6. கடைக்காரர் சமமாக்கவா என்றார். வண்டி எப்போதும் கேஸ்டர் குறைந்த பக்கம்தான் மெல்ல இழுக்கும். நம் ரோடு இடது ஓரத்துக்குச் சரிவாக இருப்பதால் வலப்பக்கம் இந்தச் சின்ன இழுப்பு இருந்தால் கணக்கு நேராகிவிடும். வேண்டாம், இருக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

அழகர் கோவில் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். அறுபது, அறுபத்தைந்து. ஸ்டியரிங் அசையவில்லை; ஒரு விரலில் பிடிக்கலாம். ஷாக்கை முதலில் ரொம்ப இறுக்கி வைத்திருந்ததால் அப்பன்திருப்பதி வருவதற்குள் பல் ஆடிவிட்டது. ஓரமாக நிறுத்தி, திருகைப் பாதிக்கும் கீழே இறக்கியதும் வண்டி பழைய மாதிரி மெத்தென்று போனது. ஆறு மாதம் ஓடியிருக்கிறது. டயர் நடுவிலும் ஓரத்திலும் ஒரே மாதிரி தேய்கிறது. கிரீஸ் கன் ஒன்றில் எண்ணெய் மட்டும் நிரப்பி, மேலே 'ஆயில்' என்று பெயின்டால் எழுதி, கராஜில் தனியாக மாட்டி வைத்திருக்கிறேன்.

வேகத்தடையில் ஏறும்போது மட்டும் வலது கீழ்க்கை பாலி புஷ் கிறீச் என்று கத்துகிறது. சிலிக்கான் கிரீஸ் போட்டால் ஒரு மாதம் சும்மா இருக்கும், திரும்பவும் கத்தும். போன வாரம் பாயிடம் சொன்னேன். "ரப்பரு போடுங்கன்னு நா சொன்னேன்ல சார்" என்றார்.