பிஆர்பி போட்டால் எலும்பு கூடிவிடுமா?

டெங்கு புண்ணியத்தில் பிளேட்லெட் என்றால் என்னவென்று கோத்தகிரி சந்தையில் காய்கறி விற்பவர் வரை எல்லோருக்கும் தெரியும். அதே பிளேட்லெட்டை நம் ரத்தத்திலிருந்தே பிரித்து, முறிந்த எலும்பில் போடுகிறார்கள் என்பதுதான் இங்கே புதுசு. எலும்பு டாக்டரைப் பார்க்கக் கோயம்புத்தூருக்கு இறங்கிப் போனவர்கள் "பிஆர்பி ஊசி" (பிளேட்லெட் ரிச் பிளாஸ்மா, அதாவது பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மா) என்ற பேரோடு மேலே ஏறி வருகிறார்கள். முடி கொட்டுவதற்குப் போடுகிறார்களே, அதே பிஆர்பிதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் விஷயம் இருக்கிறது, ஆனால் இதை மட்டும் நம்பி கூடாத எலும்பைக் கூட்ட முடியாது.

நம் ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்குச் சுமார் 1.5 லட்சத்திலிருந்து 4.5 லட்சம் வரை பிளேட்லெட் இருக்கும். கையில் ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க சிட்ரேட் சேர்த்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றவிட்டால் சிவப்பணுக்கள் அடியில் போய்விடும், மஞ்சள் பிளாஸ்மா மேலே நிற்கும், அதில் பிளேட்லெட் செறிந்த பகுதியை மட்டும் உறிஞ்சி எடுத்தால் அதுதான் பிஆர்பி. எண்ணிக்கை 10 லட்சத்தையாவது தொட வேண்டும் என்பது பலரும் சொல்லும் கணக்கு. எல்லா இடத்திலும் அதை எண்ணிப் பார்த்துப் போடுகிறார்களா என்பது வேறு விஷயம்.

எலும்பு முறிந்ததும் அங்கே ரத்தம் கட்டும் இல்லையா, கூடும் வேலை அந்தக் கட்டியில்தான் தொடங்குகிறது. பிளேட்லெட்டுகள் தங்களுக்குள் வைத்திருக்கும் பிடிஜிஎஃப், டிஜிஎஃப்-பீட்டா, விஇஜிஎஃப் மாதிரியான வளர்ச்சிக் காரணிகளை, அதாவது செல்களை வளரத் தூண்டும் புரதங்களைக் கொட்டும், செல்கள் வந்து சேர்ந்து பெருகும், புது ரத்தக் குழாய் முளைக்கும், முதலில் குருத்தெலும்பு மாதிரி மெத்தென்று ஒன்று உருவாகி அப்புறம் கெட்டிப்படும். அந்த முதல் கட்டத்தைக் கொஞ்சம் பலமாக்கலாம் என்பதுதான் பிஆர்பியின் யோசனை. எலும்பே இல்லாத இடத்தில் எலும்பை உண்டாக்குவது பிஎம்பி என்ற இன்னொரு புரத வகையின் வேலை. அதற்கு அடிப்படை போட்டவர் அமெரிக்க எலும்பு டாக்டர் மார்ஷல் யூரிஸ்ட், 1965-இல். பிஆர்பியின் பலம் அதில் இல்லை. தேயிலைக்கு உரம் போடுகிற மாதிரிதான் இது, செடி நட்டிருந்தால்தான் பலன்.

1998-இல் அமெரிக்க வாய், தாடை அறுவை டாக்டர் ராபர்ட் மார்க்ஸின் குழு தாடை எலும்பில் செய்த ஆய்வுதான் இதைப் பிரபலமாக்கியது. 88 பேர், எல்லோருக்கும் எலும்பு ஒட்டு (வேறு இடத்திலிருந்து எடுத்து வைக்கும் எலும்பு) வைத்தார்கள், ஒரு பகுதியினருக்கு மட்டும் அந்த ஒட்டோடு பிஆர்பியைக் கலந்தார்கள், அவர்களுக்கு எலும்பு சீக்கிரம் முதிர்ந்தது. ஒட்டு இருந்தது என்பதைக் கவனியுங்கள், விளம்பரங்களில் அந்தப் பாதி காணாமல் போய்விடுகிறது. கை கால் எலும்புகளுக்கு ஆதாரம் தேடிய 2012 காக்ரேன் மதிப்பாய்வில் (மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் அமைப்பு அது) தகுதியாகத் தேறியது ஒரே ஒரு ஆய்வு, அதிலும் 21 பேர்தான்.

நேரம் இன்னொரு சிக்கல். கால்சியம் குளோரைடும், ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பினும் சேர்த்துத் தூண்டினால் பிளேட்லெட்டுகள் சரக்கில் பெரும்பகுதியை ஒரு மணி நேரத்துக்குள் கொட்டிவிடும், எலும்புக்கோ மாதக்கணக்கு வேண்டும். அதனால்தான் உடல் திசுக்களை ஆய்வகத்தில் உருவாக்கப் பார்க்கும் திசுப் பொறியியல்காரர்கள் ஜெலட்டின், கொலாஜன், கைட்டோசான் என்று எதிலாவது அதைப் பிடித்து வைத்து மெதுவாகக் கசியவிடப் பார்க்கிறார்கள். கூடவே டிரைகால்சியம் பாஸ்பேட், ஹைட்ராக்சிஅபடைட் மாதிரி நுண்துளையுள்ள சட்டகமும் வைப்பார்கள், செல்கள் ஏறி உட்கார இடம் வேண்டுமே. பல் டாக்டர்கள் பயன்படுத்தும் பிஆர்எஃப்பும் (பிளேட்லெட் ரிச் ஃபைப்ரின்) இந்தக் குடும்பம்தான். 2001-இல் பிரான்சில் ஷுக்ரூன் என்ற டாக்டர் கொண்டுவந்தது, உறையாமல் தடுக்கும் மருந்தே சேர்க்காமல், ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் என்ற புரத இழைகளின் வலையாக எடுப்பது, காரணிகள் அதிலிருந்து நிதானமாக வரும்.

என் அத்தை மகன் பிக்கப் ஓட்டுகிறவன். பனிமூட்டத்தில் வளைவில் பைக் சறுக்கி முழங்காலுக்குக் கீழே, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே முறிந்தது. அங்கே ரத்த ஓட்டம் குறைவு, லேசில் கூடாது. எலும்புக்குள் உலோக ராடு போட்டும் பல மாதம் கூடவில்லை. "மாப்ள, நம்ம ரத்தத்தையே எடுத்து சுத்திப் போட்டா ஒட்டிக்குமாம்" என்றான். ஒரு இடத்தில் ஊசியைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று பணம் கட்டவே சொல்லிவிட்டார்கள். இன்னொரு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து ராடு உள்ளே ஆடுகிறது, அது ஆடுகிறவரை எதை ஊற்றினாலும் வீண் என்றார். பிறகு தடிமனான ராடு மாற்றி, இடுப்பு எலும்பிலிருந்து ஒட்டு எடுத்து வைத்து, அதில் பிஆர்பியும் கலந்தார்கள். இப்போது கூடிவிட்டது. மூன்றில் எது வேலை செய்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, அவன் மட்டும் ரத்தம்தான் என்று டீக்கடையில் அடித்துச் சொல்கிறான்.

நீங்கள் போவதாக இருந்தால், எலும்பு அசையாமல் நிற்கிறதா, உள்ளே சீழ் இருக்கிறதா, இடைவெளி எவ்வளவு, ஒட்டு தேவையா என்று முதலில் கேளுங்கள். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், அவை பிளேட்லெட்டின் வேலையைக் கெடுக்கும், ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். குளிருக்கு ஒன்று என்று இழுக்கிற பீடி சிகரெட்டும் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும், அதை நிறுத்த யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை.