"சாப்டியா கண்ணு?"

கனடாவுல இருக்கற என் வீட்டுக்காரரோட போய்ச் சேர, பி.ஆர். (அங்கயே நிரந்தரமா தங்கற உரிமை) விண்ணப்பம் ஒருவழியா இன்னிக்கு அனுப்பியாச்சு. கொழிஞ்சாம்பாறை பஞ்சாயத்துல பதிஞ்ச கல்யாணச் சான்றிதழே போதும்னு நெனச்சிருந்தேன். அது கல்யாணம் நடந்ததுக்குத்தான் அத்தாட்சி. உறவு உண்மையானதுன்னு தனியாக் காட்டணும்.

உறவைப் பத்தி விசாரிக்கற ஐஎம்எம் 5532 படிவத்துல எப்ப முதல்ல பார்த்தீங்க, கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்கன்னு கேள்விமேல கேள்வி. பத்திரிகை, ரெண்டு வீட்டுச் சொந்தமும் நிக்கற போட்டோ, அவர் வந்துபோன டிக்கெட் எல்லாம் சேர்த்தாச்சு. நாங்க பேசின வாட்ஸ்அப் மெசேஜ்தான் கஷ்டம். இங்கிலீஷ்லயோ பிரெஞ்சுலயோ இல்லாததை மொழிபெயர்த்துத் தரணும். குடும்பத்து ஆளுங்க செய்யக் கூடாது. இங்கிலீஷ் டீச்சரான அண்ணி ஆசையா உக்காந்தாங்க, வேண்டாம்னு சொல்ல வேண்டியதாப் போச்சு.

பாலக்காட்டுல மொழிபெயர்க்கறவர் ஒருத்தர்கிட்ட கொடுத்தோம். தினமும் ராத்திரி என் வீட்டுக்காரர் அனுப்பற "சாப்டியா கண்ணு?" அதுல இருக்கு. முன்பின் தெரியாத ஆள் படிப்பாரேன்னு கூச்சமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் பக்கத்தை எடுக்க மனசு வரலை. அதைவிட உண்மையா எங்ககிட்ட வேற என்ன இருக்கு?

இனிமே விண்ணப்பிக்கப் போற பொண்ணுங்க, ஒவ்வொரு போட்டோவுக்கும் தேதி, இடம், யார் யார்னு இப்பவே குறிச்சு வைங்க. எனக்கு அதுக்கே ரெண்டு நாள் ஆச்சு.