பின்னிருக்கையில் வின்சென்ட், ஸ்டியரிங்கில் மேக்ஸ்

மைக்கேல் மான் இயக்கி 2004-இல் வெளிவந்த ‘கொலாட்டரல்’ படத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் டாம் குரூஸிடமிருந்தே தொடங்குகிறார்கள். நரைத்த தலை, சாம்பல் நிறக் கோட்டு, தயக்கமே இல்லாத நடை என்று, நாயகனாகவே பார்த்துப் பழகிய முகத்தை வின்சென்ட் என்னும் ஈவிரக்கமற்ற கூலிக் கொலையாளியாக அவர் மாற்றிக் காட்டியது பெரிய காரியம்தான். ஆனாலும் என் மனம் மேக்ஸாக வரும் ஜேமி ஃபாக்ஸின் பக்கமே சாய்கிறது.

லாஸ் ஏஞ்சலிஸில் 12 ஆண்டுகளாக டாக்ஸி ஓட்டும் மேக்ஸ், இந்த வேலை தற்காலிகம்தான் என்று சொல்லிக்கொண்டே காலத்தைத் தள்ளுபவன். ஐந்து இடங்களுக்குப் போக வேண்டும், 600 டாலர் தருகிறேன் என்று வின்சென்ட் ஏறிக்கொள்கிறான். முதல் இடத்திலேயே ஒரு பிணம் வண்டியின் மேல் வந்து விழுகிறது. எங்கள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவை விமான நிலையத்துக்கு இரவுச் சவாரி ஓட்டும் அண்ணன்மார், பின்னால் இருப்பவர் எப்படிப்பட்டவர் என்பதைத் திரும்பிப் பாராமல் கண்ணாடியிலேயே எடைபோட்டுவிடுவார்கள். அந்தப் பார்வையை ஃபாக்ஸ் அப்படியே கொண்டுவந்திருக்கிறார்.

அவருடைய நடிப்பின் உச்சம், மேக்ஸ் தன்னையே வின்சென்ட் என்று காட்டிக்கொண்டு ஃபெலிக்ஸ் என்னும் கடத்தல் தலைவனைச் சந்திக்கும் காட்சி. ஒரே காட்சியில் வந்தாலும் ஃபெலிக்ஸாக நடித்த ஹாவியேர் பார்டெம் குரலை உயர்த்தாமலேயே நம்மை நடுங்க வைக்கிறார். மேக்ஸுக்கு முதலில் நாக்குக் குழறுகிறது. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிறான். தோள் நிமிர்கிறது, குரல் தாழ்கிறது, வின்சென்ட் பேசிக் கேட்ட தோரணையிலேயே சொற்கள் வந்து விழுகின்றன. பயம் போய்விடவில்லை, அதை அடக்கிக்கொண்டுதான் பேசுகிறான் என்பதையும் நாம் உணர்கிறோம். இரண்டையும் ஒரே முகத்தில் காட்டுவது எளிதன்று.

படத்தின் பெரும்பகுதியை டிஜிட்டல் கேமராவில் எடுத்ததும் நடிப்புக்குத் துணைநிற்கிறது. தெருவிளக்கின் வெளிச்சத்திலேயே வானமும் மரங்களும் தெரிவதால், வண்டிக்குள் இருக்கும் முகங்கள் நகரத்திலிருந்து பிரிந்து நிற்பதில்லை. கயோட்டி என்னும் ஓநாய் போன்ற காட்டு விலங்குகள் சாலையைக் கடக்க இருவரும் பேசாமல் பார்த்திருக்கும் இடத்தில், குரூஸின் முகத்தில் வந்து மறையும் களைப்பு இந்த ஒளியில்தான் கிடைத்திருக்கும்.

கடைசியில் வரும் துரத்தல் மட்டும் வழக்கமான ஒன்று. அதுவரை படம் காத்துவந்த நிதானம் அங்கே குலைகிறது.

அடுத்த ஆண்டு ‘ரே’ படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கரை வென்ற ஃபாக்ஸ், இந்தப் படத்துக்காகவும் பரிந்துரைக்கப்பட்டார், ஆனால் துணை நடிகர் பிரிவில். அன்றிரவு முழுவதும் நாம் மேக்ஸோடுதான் பயணம் செய்கிறோம். அவரைத் துணை நடிகர் என்று சொன்னதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.